பெண்ணுறுப்பின் சிறு இதழ்களைத் திருத்தும் அறுவை: முடிவெடுக்கும் முன்னும் பின்னும்

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன், உங்களுக்கு இருப்பது உடல் தொந்தரவா, தோற்றத்தைப் பற்றிய கவலையா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளகை வைத்துச் சம்மணமிட்டு நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்ணுக்குச் சிறு இதழ், அதாவது பெண்ணுறுப்பு வாயிலின் இருபுறமும் உள்ள உள்மடிப்பு, மடங்கி, நசுங்கிப் புண்ணாவது ஒன்று. கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கலங்குவது வேறொன்று. எந்த வேலையில், எந்தப் பக்கம் உரசுகிறது என்று குறித்துக்கொண்டு போனால், "கீழ ஒரு மாதிரி இருக்கு டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க நேராது. பூஞ்சைத் தொற்றும் இதே எரிச்சலைத் தரும் என்பதால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ மகளிர் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டிவிடுங்கள்; களிம்பிலும் பருத்தி உள்ளாடையிலும் தீர்ந்துவிடுகிற தொந்தரவுக்குக் கத்தி வேண்டாம்.

தோற்றக் கவலை உள்ளவர்கள் ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: 2005இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் 50 பெண்களை அளந்தபோது, சிறு இதழின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்தது. இடமும் வலமும் ஒன்றுபோல் இராததும் ஓரம் கருத்திருப்பதும் இயல்புதான். 18 வயது நிறையாத பெண்ணை இதற்காக அழைத்துச் செல்ல வேண்டாம். வளர்ச்சி இன்னும் முடிந்திராது.

லேபியாபிளாஸ்டி எனப்படும் இந்த அறுவையில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. நீண்டிருக்கும் ஓரத்தை அப்படியே நறுக்கித் தைப்பது எளிது, கருமையும் போய்விடும். ஆனால் இயற்கையான விளிம்பு போய், தழும்பு அங்கேயே விழும். நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்து இரு பக்கத்தையும் இணைத்தால் விளிம்பு தங்கும். இழுவை மிகுந்தால் தையல் பிரியும் ஆபத்து இதில் உண்டு. சிறு இதழ்கள் மேலே கூடும் இடத்திலுள்ள உணர்ச்சி மொட்டான கிளிட்டோரிஸின் மேல்தோலைக் குறைப்பது, வெளிமடிப்பான பெரு இதழில் கொழுப்பைச் சேர்ப்பது அல்லது நீக்குவது, அதற்கு மேலே முடி வளரும் மேட்டுப்பகுதியில் கொழுப்பை உறிஞ்சுவது ஆகியவை தேவைப்பட்டால் மட்டும். லேசரால் "இளமையாக்குகிறோம்" என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். தீக்காயமும் தழும்பும் வலியும் நேர்வதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இலேயே எச்சரித்திருக்கிறது.

அறுவை செய்பவரிடம், எவ்வளவு மிச்சம் வைப்பார் என்பதைத்தான் அழுத்திக் கேட்க வேண்டும், ஒரு செ.மீ. அளவாவது விட்டுவைப்பது வழக்கம், அளவுக்கு மீறி வெட்டியதைப் பழையபடி ஆக்குவது கடினம். உணர்ச்சி குறைவது, உறவின்போது வலிப்பது ஆகிய இரண்டையும் ஒப்புதல் படிவத்தில் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் தானே கரைந்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது ஒரு செம்பு வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றிக்கொண்டால் எரிச்சல் அடங்கும். சம்மணமிட்டுச் சுளகின் முன் உட்காருவதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும்; உறவும் சைக்கிளும் தாமிரபரணிக் குளியலும் ஏறக்குறைய 6 வாரங்களுக்குக் கூடாது. வீக்கம் முழுதாக வடிய மாதங்கள் ஆகலாம் என்பதால், முதல் வாரத்தில் கண்ணாடியில் பார்த்து மனம் உடைய வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கினாலோ, பஞ்சு இரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு விடியட்டும் என்றிராமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.