எலி முதுகில் சொரியாசிஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

தோல் சிவந்து, தடித்து, செதில் உதிரும் சொரியாசிஸ் நோய் சுண்டெலிக்கு வராது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் "சொரியாசிஸ் எலி" ஏதோ கூண்டில் தயாராக இருக்கும் என்று நினைப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் வரவழைப்பது அந்த நோயைப் போன்ற ஒரு வாரத்து அழற்சி. அதற்கு உதவுவது இமிக்விமோட் 5% கிரீம். மருக்களுக்கான மருந்து, ஆனால் தடவிக்கொண்ட சிலருக்குச் சொரியாசிஸ் கிளர்ந்தது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் எலித்தோலில் தடவிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட முறைதான் இது.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

இமிக்விமோட் டிஎல்ஆர்7 என்ற உணர்வியைத் தூண்டி, ஐஎல்-23, ஐஎல்-17 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களின் பாதையை முடுக்குகிறது. உங்கள் மருந்து அந்தப் பாதையைத் தடுக்கிறதா என்று பார்க்க நல்ல மாதிரி. வருடக்கணக்கில் போய்ப் போய்த் திரும்பும் நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. எக்ஸிமா போன்ற அழற்சியை வரவழைக்க எலியின் காதில் கால்சிபோட்ரியால் தடவுவார்கள். வேடிக்கை என்னவென்றால், மனிதரில் அது சொரியாசிஸுக்கான மருந்து! புண் ஆறுவதைப் படிப்பதானால் எலித்தோல் சுருங்கியே மூடிக்கொள்ளும். பன்றித்தோல்தான் நமக்கு நெருக்கம். வெறும் எரிச்சல் சோதனைதான் என்றால், வளர்த்தெடுத்த மனிதத் தோல்திசுவே போதும், எலியைத் தொடவேண்டாம்.

படி 2: அனுமதியும் குழுக்களும்

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். குறைந்தது நான்கு குழு வேண்டும்: வெறும் வாசலின், இமிக்விமோட் மட்டும், இமிக்விமோட்டோடு கிளோபெட்டசால் (ஒப்பிடுவதற்கான வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்பு), இமிக்விமோட்டோடு உங்கள் மருந்து. உங்கள் மருந்தைக் கரைத்த அடிப்பொருளுக்குத் தனியாக ஒரு குழு இருந்தால் இன்னும் நல்லது. எலிகள் ஒன்றையொன்று நக்கும். ஒரே கூண்டில் இரு குழுக்களைக் கலந்தால் வாசலின் எலியின் வாய்க்கும் இமிக்விமோட் போய்விடும்.

படி 3: முடி எடுப்பது

பலரும் சறுக்குவது இங்கேதான். கறுப்பு எலிகளில் 7, 8 வார வயதில் முதுகு முடி ஓய்வு நிலையில் இருக்கும். மழித்ததும் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சரி. சாம்பல் அல்லது கறுப்புத் திட்டு தெரிந்தால் முடி வளரத் தொடங்கிவிட்டது. அந்தத் தோல் தானாகவே தடிக்கும், உங்கள் அளவையெல்லாம் குழப்பும். அந்த எலியை ஒதுக்குங்கள். ஆண் எலிகள் கடித்துச் சண்டை போடும், அதனால் பெண் எலிகளையே எடுப்பேன்.

என் முதல் முயற்சியில் முடி நீக்கும் கிரீமைப் பூசிவிட்டு அடுத்த எலியை மழிக்கப் போனேன். மறுநாள் பார்த்தால் வாசலின் குழு உட்பட எல்லா முதுகும் சிவந்திருந்தது. மொத்தமும் வீண். இப்போதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் காத்திருந்து, சிவப்பில்லாத எலிகளை மட்டும் சேர்க்கிறேன்.

படி 4: தடவுவது

தினமும் ஒரே நேரத்தில் 62.5 மில்லிகிராம் இமிக்விமோட் கிரீம், 5 அல்லது 6 நாள். கண்ணளவு கூடாது, தராசில் நிறுத்து எடுங்கள். உங்கள் மருந்தும் களிம்பு என்றால் சில மணி நேர இடைவெளி விடுங்கள். எலிகள் இளைக்கும், நீர் வற்றும். எடையைத் தினமும் பாருங்கள், ஊறவைத்த தீனி கொடுங்கள். எந்த அளவு இளைத்தால் நிறுத்துவது என்பது அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 20% என்று வைப்பார்கள்.

படி 5: மதிப்பெண்

சிவப்பு, செதில், தடிப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 12. எந்த எலி எந்தக் குழு என்று தெரியாதவர் போடவேண்டும். தோல்மடிப்பை டிஜிட்டல் காலிப்பரால் ஒரே ஆள் அளப்பது நல்லது, அழுத்தம் கைக்குக் கை மாறும்.

படி 6: திசு

வெட்டிய தோலை அப்படியே ஃபார்மலினில் போட்டால் சுருண்டுவிடும், பிறகு குறுக்குவெட்டில் தடிப்பை அளக்க முடியாது. வடிதாளில் ஒரு நிமிடம் விரித்து, ஒட்டியதும் தாளோடு சேர்த்துப் போடுங்கள்.

மண்ணீரலையும் எடுத்து நிறுத்துவிடுங்கள். இமிக்விமோட் உள்ளே போனால் அது பெருக்கும். களிம்பு தடவிய குழுவில் தோல் ஆறி, மண்ணீரல் பெருத்தே இருந்தால் மருந்து தோலில் வேலை செய்திருக்கிறது எனலாம். இரண்டுமே சாதாரணமாக இருந்தால் உடனே கொண்டாடாதீர்கள்: உங்கள் களிம்பு மேலே படிந்து இமிக்விமோட்டை உள்ளேயே விடாமல் தடுத்திருக்கலாம்.