ஒரு போன், ஒரு நோட்டு: இளைஞர்களோடு வேலை செய்பவர்கள் இணையத்தில் இறங்குவது எப்படி?

திருப்பூரில் பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை அறையில் சாயங்கால மையம் நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் கைமடி, செக்கிங், பேக்கிங் பார்க்கிறவர்கள். மீதிப் பேர் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள். புதிதாகச் சேரும் தன்னார்வலர்கள் முதல் நாளே கேட்பது, "அக்கா, நமக்கு இன்ஸ்டா பேஜ் இருக்குங்களா?" என்பதைத்தான். இருக்கிறது. ஆனால் அதை ஐந்தாவதாகத்தான் சொல்லித் தருவேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நாலு இருக்கிறது.

ஊர் இளைஞர் மன்றம், விளையாட்டுக் குழு, நூலக வாசகர் வட்டம், மில் விடுதிக்குப் போய் வரும் தன்னார்வலர் என்று யாராக இருந்தாலும் இதே வரிசையில் தொடங்கலாம். தேவையானவை: இரண்டு சிம் போடும் ஆண்ட்ராய்டு போன், ஒரு நோட்டு, பேனா.

படி 1: முதலில் நோட்டை எடுங்கள்

எந்த ஆப்பையும் திறக்க வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான பத்துப் பிள்ளைகளிடம் நேரில் நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன் யாருடையது? எந்த நேரத்தில் கையில் இருக்கும்? அதில் அதிகம் பார்ப்பது எது? ஏதாவது தெரிய வேண்டும் என்றால் யாரிடம் கேட்பீர்கள்?

முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பையன்களிடம் பெரும்பாலும் சொந்தப் போன் இருக்கும். பெண் பிள்ளைகள் பலரிடம் இருப்பது அப்பா போன், அண்ணன் போன், இல்லாவிட்டால் வீட்டுக்கே பொதுவான ஒன்று. நீங்கள் அனுப்புவதை முதலில் படிக்கப் போவது அப்பாவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும். நூல் மில் விடுதிகள் சிலவற்றில் போன் கையில் கிடைப்பதே குறிப்பிட்ட நேரத்துக்குத்தான்.

நேரமும் அப்படித்தான். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். பகல் பதினொரு மணிக்கு நீங்கள் அனுப்பியது, அவர் போனை எடுக்கும்போது மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விட்டிருக்கும். எங்களுக்குச் சரிப்பட்டு வந்தது இரவு எட்டே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை, அப்புறம் ஞாயிறு காலை. சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு இது ஒத்துவராது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு மாதக்கணக்கில் வெளி மாநிலம் போகும் பையனுக்கு வேறு கணக்கு. உங்கள் ஊருக்கு எது சரி என்பதை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

நாங்கள் இதைச் செய்யாமல்தான் ஆரம்பித்தோம். யாரையும் கேட்காமல் ஃபேஸ்புக் பக்கம் திறந்து மூன்று மாதம் தினமும் போட்டோம். பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்களும் நண்பர்களும்தான். மையத்துக்கு வரும் பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கே இல்லை.

படி 2: வேலைக்குத் தனி நம்பர்

சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். புது சிம் வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரே வாட்ஸ்அப்பில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி 2023 கடைசியிலேயே வந்துவிட்டது. செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியையோ கூட்டல் குறியையோ தொட்டால் இன்னொரு கணக்கு சேர்க்கச் சொல்லும். சேர்த்ததும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து ஆறு இலக்கப் பின் வையுங்கள். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப் போகிற நம்பர் முதலில் பத்திரமாக இருக்க வேண்டும் இல்லையா?

அடுத்தது இதைவிட முக்கியம். 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்துக்குப் போய், மையத்து லேப்டாப்பில் தெரியும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து இணையுங்கள். இனி இந்த நம்பருக்கு வருவதை உங்களோடு வேலை செய்யும் இன்னொருவரும் பார்க்க முடியும். ஒரு பெரியவரும் பதினாறு வயதுப் பிள்ளையும் மட்டும் பேசிக்கொள்ளும் தனி அறையாக அது மாறவே கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. மறைக்காமல் பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: "இந்த நம்பர்ல நீங்க அனுப்பறத நாங்க ரெண்டு பேர் பாப்போம் கண்ணு. ராத்திரி ஒம்பதரைக்கு மேல பாக்க மாட்டோம். அவசரம்னா குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடு." இதையே சுருக்கி 'அபவுட்' வரியிலும் போட்டிருக்கிறோம்.

படி 3: குரூப் வேண்டாம், லிஸ்ட் போடுங்கள்

எல்லோரும் முதலில் செய்வது வாட்ஸ்அப் குரூப். சாதாரண குரூப்பில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய நம்பரும் தெரியும். எங்கள் பழைய குரூப்பிலிருந்து ஒரு பெண் பிள்ளையின் நம்பரை எடுத்து யாரோ இரவில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் எங்களிடம் சொல்வதற்குள் வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். தப்புச் செய்தது வேறு யாரோ. படிப்புக்குக் கையிலிருந்த ஒரே போனை இழந்தது அவள். அந்த வாரமே குரூப்பைக் கலைத்தோம்.

அதற்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட். மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'நியூ பிராட்காஸ்ட்' எடுத்துப் பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒருமுறை அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். பதிலும் உங்களுக்கு மட்டும் வரும், யார் நம்பரும் யாருக்கும் தெரியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேவ் செய்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் நேரில் பார்க்கும்போதே சேவ் செய்யச் சொல்லி, ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆள் நிறையச் சேர்ந்துவிட்டால் வாட்ஸ்அப் சேனல் திறக்கலாம். அதிலும் பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. தொடக்கத்துக்கு லிஸ்ட்டே போதும்.

படி 4: செய்தியைச் செய்தியாக எழுதுங்கள்

நாங்கள் முன்பு அனுப்பிய ஒன்று இது: "உயர்கல்வி பயிலும் மாணவ மாணவியருக்கு அரிய வாய்ப்பு! அரசின் நலத்திட்டங்களைப் பயன்படுத்தி வாழ்வில் உயர்வோம்!" ஒரு பதில்கூட வரவில்லை. வராததில் ஆச்சரியமும் இல்லை. யாருக்கு, எவ்வளவு, எங்கே போக வேண்டும் என்று எதுவுமே அதில் இல்லை.

இப்போது அனுப்புவது இப்படி இருக்கும்: "ஆறாவதிலிருந்து பன்னண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சுட்டு காலேஜ் சேர்றீங்களா? பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாசம் 1000 ரூபாய் உங்க பேங்க் கணக்குக்கே வரும். ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு மையத்துக்கு வாங்க, சேர்ந்து பார்க்கலாம்." புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் வந்தது. தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் நம் கோவையிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. அப்படியிருந்தும் தனக்கும் அது உண்டு என்று தெரியாத பிள்ளைகள் எங்கள் மையத்துக்கு வந்திருக்கிறார்கள்.

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு நீளமாகப் படிப்பது சிரமம். அவர்களுக்கு நாற்பது விநாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், ஊர்ப் பேச்சிலேயே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் இளைஞர்கள் உங்கள் பகுதியில் இருந்தால், அவர்களில் ஒருவரையே அவர்கள் மொழியில் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம்.

படி 5: ஒரு நிமிட வீடியோ

டிக்டாக் 2020லேயே தடையாகிவிட்டது. இப்போது பிள்ளைகள் பார்ப்பது இன்ஸ்டா ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும்தான். இரண்டுக்கும் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த ஒரே வீடியோ போதும்.

முதல் வீடியோவுக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது, 'பிடிக்கிற பி.எஃப். பணம் எங்கே போகுது?' பதில் சின்னது. பி.எஃப். பிடித்தம் இருக்கிற ஒவ்வொருவருக்கும் யூஏஎன் என்ற 12 இலக்க எண் இருக்கும், கம்பெனி மாறினாலும் எண் மாறாது. அந்த எண்ணோடு உங்கள் மொபைலும் ஆதார் விவரமும் இணைந்திருந்தால் 9966044425 என்ற நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தாலே இருப்பு எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும்.

எடுக்கும் விதம் இதுதான். முதலில் லென்ஸைத் துடையுங்கள், எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. ஜன்னலுக்கு எதிரே முகம் வெளிச்சத்தில் படும்படி உட்காருங்கள், ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். வயர் இயர்போனின் மைக்கைச் சட்டைக் காலரில் குத்திக்கொள்ளுங்கள். தறிச் சத்தமோ மெஷின் சத்தமோ கேட்கும் இடத்தில் எடுக்கவே வேண்டாம், எடிட்டிங்கில் அதை முழுதாக நீக்குவது கஷ்டம். வணக்கம், வாழ்த்து எதுவும் இல்லாமல் கேள்வியிலேயே தொடங்குங்கள். பஸ்ஸில் சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்காகப் பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள்.

நீங்கள் பேசுவதைவிட செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் பையன் பேசினால்தான் மற்றவர்கள் நின்று கேட்பார்கள். எங்கள் பி.எஃப். வீடியோவில் பேசியவருக்கு வயது 22. நாலு முறை தடுமாறினார். ஐந்தாவது முறை பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, தன் பாட்டியிடம் சொல்வதுபோல் சொன்னார். அதைத்தான் போட்டோம்.

படி 6: போட்டோ போடும் முன்

இங்கே அவசரமே கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் பிள்ளையிடமும் கேட்க வேண்டும், பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றுதான் சொல்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை, குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் பெயர், முகம், பள்ளி எதுவும் வெளியே வரவே கூடாது. போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கின்றன.

சட்டத்தைத் தாண்டி ஊர் வாய் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டு விழாவில் பையன்களோடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம் சொந்தக்காரர் ஒருவர் கையில் கிடைத்தால் அந்தப் பெண் மறு வாரம் மையத்துக்கு வர மாட்டாள். நாங்கள் கைகளை எடுக்கிறோம், முதுகுப்பக்கமாக எடுக்கிறோம், வரைந்த படத்தை எடுக்கிறோம். பள்ளிச் சீருடை, ஐடி கார்டு, கம்பெனி பஸ்ஸின் பெயர் தெரிந்தால் வெட்டிவிடுகிறோம். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை ஆஃப் செய்துவிடுங்கள். எடுக்கும்போது சரி என்றவர் அடுத்த மாதம் எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுங்கள்.

படி 7: "அக்கா, ஒண்ணு கேக்கோணுங்க"

இந்தச் செய்தி வரும். இதற்காகத்தான் முதல் ஆறு படிகளும். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இதை அனுப்பிவிட்டு, டைப் செய்வதும் அழிப்பதுமாக இருந்தான். நான் "சொல்லு சாமி, இருக்கேன்" என்று மட்டும் போட்டேன். டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்று சேர்ந்திருக்கிறான். முதல் நாள் 150 ரூபாய் வந்திருக்கிறது. அப்புறம் முன்பணம் கட்டச் சொல்லி, இரண்டு வாரச் சம்பளம் போய்விட்டது. ஏன் கட்டினாய் என்று கேட்கவில்லை, அது அவனுக்கே தெரியும். உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிட வைத்தோம். கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, பேங்க் பெயர், பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் சொன்னால்தான் நிறுத்த முடியும். அன்றிரவே சொன்னதால் ஒரு பகுதி நின்றது.

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டுகிறார்கள் என்று வந்தால், "எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்" என்று தப்பித்தவறியும் சொல்லாதீர்கள். 18க்குக் கீழே உள்ளவரின் படத்தை வாங்குவதும் வைத்திருப்பதும் உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். மிரட்டுபவரின் கணக்குப் பெயரையும் மிரட்டிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். 18க்குக் கீழே எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' இணையதளம், 18க்கு மேல் என்றால் 'ஸ்டாப் என்சிஐஐ' இணையதளம். இரண்டும் இலவசம். படத்தை எங்கும் ஏற்றாமல், அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் உருவாக்கி, இதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்பார்கள். பண்ணாதீர்கள். 18க்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ. "உன்கிட்டச் சொல்லாம எதையும் செய்ய மாட்டேன், நீ தனியா இருக்க மாட்டே" என்பதைத்தான் நம்மால் சத்தியமாகச் சொல்ல முடியும். 1098 குழந்தைகளுக்கு, 181 பெண்களுக்கு, 14416 மனநல உதவிக்கு. மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 8: எதை எண்ணுவது

லைக்கை எண்ண வேண்டாம். ஞாயிறு இரவு நோட்டில் இரண்டு கட்டம் போதும்: இந்த வாரம் தனியாகக் கேட்டவர் எத்தனை பேர், நேரில் வந்தவர் எத்தனை பேர். பி.எஃப். வீடியோ போட்ட வாரம் எங்கள் நோட்டில் நேரில் வந்தவர் நாலு பேர். அதில் ஒருத்தர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வருஷமாக மூன்று கம்பெனியில் வேலை பார்த்த அந்த அம்மா, ஒரு மஞ்சள் பையிலிருந்து பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்கும் பாத்துச் சொல்லுங்க கண்ணு" என்றார்.