குளிர்கால விடுமுறைக்கு வேனை எங்கே நிறுத்துவது? முதல் முறை போகிறவர்களுக்கு

வேனிலேயே குடியிருக்கிறோம் என்று தெரிந்தவர்கள் நவம்பர் பிறந்தால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குளிருக்கு எங்கே போவீங்க?" அமெரிக்காவில் நானும் கணவரும் இப்படி ஊர் ஊராகத் திரிய ஆரம்பித்து நான்கு குளிர்காலம் ஆகிறது. முதல் வருஷம் "தெற்கே" என்று பதில் சொன்னேன். இப்போது "கீழே" என்கிறேன்.

அந்த முதல் வருஷம் அரிசோனாவுக்குத்தான் போனோம். அரிசோனா என்றால் பாலைவனம், பாலைவனம் என்றால் வெயில் என்று நினைப்பு. படத்தில் அழகாக இருந்த ஒரு பைன் காட்டில், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் வேனை நிறுத்தினோம். இரண்டாம் நாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் வந்தது, ஆனால் குழாயில் அல்ல. சிங்குக்கு அடியில் உறைந்து விரிசல் விட்டிருந்த ஃபில்டரிலிருந்து வழிந்து, பக்கத்தில் இருந்த பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை நனைத்தது. அன்று முழுக்க வேன் கூரையில் போர்வை விரித்து அரிசி காயவைத்தேன். அந்த வழியாக நடந்து போனவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் படி: யார் யார், எத்தனை நாள்

இதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நீங்கள் இருவர் மட்டுமா, விடுமுறைக்கு அண்ணன் குடும்பம் கூடாரத்தோடு வந்து சேருமா? ஒரு வாரமா, பிப்ரவரி வரையா? வேனில் கழிப்பறை உண்டா? பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்தப் பதில்களைப் பொறுத்தவை.

இரண்டாம் படி: வரைபடத்தில் உயரத்தைப் பாருங்கள்

மதுரையில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கொடைக்கானலில் ஸ்வெட்டர் விற்பார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. வித்தியாசம் உயரம்தான். இது தெரிந்தும் அமெரிக்க வரைபடத்தைப் பிரித்ததும் நமக்கு மறந்துபோகிறது. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய கொடைக்கானல் உயரம், சுமார் 6,900 அடி. குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். அதே மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் குவார்ட்சைட் 900 அடிகூட இல்லை. ஜனவரிப் பகலில் அங்கே அரைக்கை சட்டையோடு உட்கார்ந்திருக்கலாம்.

கணக்கு எளிது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் இரண்டு டிகிரி செல்சியஸ் குறையும். குவார்ட்சைட்டுக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்கும் ஆறாயிரம் அடி வித்தியாசம் என்றால் பன்னிரண்டு டிகிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயைவிட கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் உள்ள ஃபர்னஸ் கிரீக் சற்று வடக்கே இருக்கிறது. ஆனால் சான்டா ஃபே 7,000 அடி உயரம். ஃபர்னஸ் கிரீக் கடல் மட்டத்துக்கும் 190 அடி கீழே. டிசம்பரில் ஒன்றில் தண்ணீர் உறையும், மற்றதில் இரவுக்கு ஒரு கம்பளி போதும். "தெற்கே" என்று மட்டும் பார்த்தால் நீங்கள் தப்பான ஊரைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள்.

அதனால் டிசம்பர், ஜனவரிக்கு நான் வைத்திருக்கும் வரம்பு 2,500 அடி. அதற்கு மேல் எவ்வளவு அழகான படம் வந்தாலும் தள்ளிவிடுவேன். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்த ஜம்போ ராக்ஸ் முகாம் 4,400 அடி. அங்கே மார்ச்சில் போகலாம், அவசரம் இல்லை.

வானிலைப் பக்கத்தில் பகல் வெப்பநிலையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதை விட்டுவிட்டு இரவு எண்ணைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் இந்தப் பக்கம் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். இரவு பதினான்கு மணி நேரம். நீங்கள் தேடுவது அந்தப் பதினான்கு மணி நேரத்தைக் கழிக்க ஓர் இடம்.

மூன்றாம் படி: நிலம் யாருடையது?

இலவசமாகத் தங்கலாம் என்று சொல்லப்படும் பாலைவன நிலத்தில் பெரும்பகுதி பி.எல்.எம். என்ற மத்திய அரசுத் துறையுடையது. நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விதிகள் உண்டு. அரிசோனாவில் பொதுவான விதி: 28 நாளுக்குள் ஓர் இடத்தில் 14 நாள்தான் தங்கலாம். அப்புறம் 25 மைலுக்கு அப்பால் நகர வேண்டும். ஒரு வார விடுமுறைக்கு இது தாராளம். குவார்ட்சைட்டைச் சுற்றி ப்ளொமோசா ரோடு, டோம் ராக் பக்கமெல்லாம் இப்படித் தங்கும் இடங்கள்தான்.

பிப்ரவரி வரை அசையாமல் உட்காரப் போகிறீர்களா? அப்படியானால் எல்.டி.வி.ஏ. எனப்படும் நீண்டகாலத் தங்கும் பகுதிகளைப் பாருங்கள். 1983-இல் தொடங்கிய ஏற்பாடு இது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கும் ஒரே அனுமதிச் சீட்டு. பல ஆண்டுகளாக அதன் விலை 180 டாலராகவும், 14 நாள் சீட்டின் விலை 40 டாலராகவும் இருந்தது. கிளம்பும் முன் அன்றைய கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குவார்ட்சைட்டுக்குத் தெற்கே லா போசா, யூமாவுக்கு வடக்கே இம்பீரியல் டேம் இரண்டும் பெரியவை. ஒரே சீட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. எல்.டி.வி.ஏ.யில் கழிவுநீர்த் தொட்டி பொருத்திய வண்டிகள் விருப்பம்போல நிற்கலாம். தொட்டி இல்லாத வேனும் கூடாரமும் கழிப்பறையிலிருந்து 500 அடிக்குள்தான் இருக்க வேண்டும். அண்ணன் குடும்பம் கூடாரத்தோடு வருகிறது என்றால், தூரத்தில் தெரியும் அந்த அழகான மேட்டை மறந்துவிட்டுக் கழிப்பறைக் கட்டடத்தைத் தேடுங்கள். அதைச் சுற்றியே உங்கள் தேடல்.

கலிஃபோர்னியாவின் ஆன்சா-பொரேகோ மாநிலப் பூங்கா இன்னொரு வகை. ஆறு லட்சம் ஏக்கர், அந்த மாநிலத்தின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா. மண் சாலையை ஒட்டி, ஒரு கார் நீளத்துக்கு மேல் விலகாமல் நிறுத்தினால் கட்டணம் இல்லை. தரையில் நெருப்பு மூட்டக் கூடாது. இரும்புத் தொட்டிக்குள் மூட்டி, சாம்பலையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். குழந்தைகளுக்கு நட்சத்திரம் காட்ட ஆசைப்பட்டால் குவார்ட்சைட்டைவிட இதையே சொல்வேன். லா போசாவில் ஜனவரியில் வண்டிகள் கல்யாண மண்டப வாசல் மாதிரி குவிந்துவிடும். விளக்கும் ஜெனரேட்டரும் சுற்றிலும் இருக்கும்.

நான்காம் படி: தேதி

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரத்துக்குத் தேசியப் பூங்கா முகாம் வேண்டுமென்றால் ஜூனிலேயே முன்பதிவு செய்திருக்க வேண்டும். ஃபர்னஸ் கிரீக் போன்ற இடங்களுக்கு ஆறு மாதம் முன்னால் பதிவு திறக்கும், அன்றே தீரும். இதைப் படிப்பது டிசம்பரில் என்றால் அந்த யோசனையை விடுங்கள். பி.எல்.எம். நிலத்துக்கு முன்பதிவு கிடையாது. முந்தியவருக்கு இடம்.

குவார்ட்சைட்டில் ஜனவரி பின்பாதியில் பெரிய கூடாரம் போட்டு ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் கண்காட்சி நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் டிசம்பரில் போய்விட்டு அதற்குள் கிளம்பிவிடுவது நல்லது. கூட்டம் பிடித்தவர்களுக்குத் திருவிழாதான்.

ஐந்தாம் படி: தண்ணீர், கழிவு, சிக்னல்

மூன்றும் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். லா போசா தெற்குப் பகுதியில் தண்ணீர் பிடிக்கலாம், கழிவு இறக்கலாம். ஆன்சா-பொரேகோவின் திறந்தவெளியில் ஒன்றும் கிடையாது, எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, என்ற கணக்கை அமெரிக்கர்கள் சொல்வார்கள். அவர்கள் இட்லிப் பாத்திரம் கழுவியதில்லை. ஒன்றரை வைத்துக்கொள்ளுங்கள்.

சோலாரை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிசம்பர் நடுப்பகலிலேயே சூரியன் தெற்குப் பக்கம் தாழ்ந்துதான் நிற்கும். கூரையில் படுக்கையாக ஒட்டியிருக்கும் பலகை கோடையில் தருவதில் பாதிதான் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள்.

ஆறாம் படி: நேரில் போய் இடம் பிடிப்பது

இந்தப் படிக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இருட்டில் நிறுத்திவிட்டுக் காலையில் எழுந்து பார்த்தால் ஓடைக்குள் நிற்பீர்கள்.

ஓடை என்று சும்மா சொல்லவில்லை. இங்கே 'வாஷ்' என்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல் மட்டும் கிடக்கும். சமதளமாக, மெத்தென்று, காற்று படாமல், இரண்டு பக்கமும் பாலோ வெர்டே மரம் நிழல் தர, பார்த்தவுடன் "இங்கேயே நிறுத்திடலாம்" என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும், தண்ணீர் ஓடி ஓடிச் சமன்படுத்திய இடம் அல்லவா! எங்கோ மலையில் பெய்யும் மழைக்கு இங்கே வெள்ளம் வரும், உங்கள் தலைக்கு மேல் மேகமே இருக்காது. மணலில் அலை அலையாக வரி இருந்தாலோ, செடிகளின் அடியில் குப்பையும் சுள்ளியும் ஒரே திசையில் சிக்கியிருந்தாலோ அது ஓடை. விலகி மேட்டுக்குப் போங்கள்.

மேட்டில் இன்னொரு லாபமும் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். பத்துப் பதினைந்து அடி ஏறி நின்றாலே விடியற்காலையில் வித்தியாசம் தெரியும். அதற்காக மொட்டை மேட்டின் உச்சிக்குப் போக வேண்டாம், காற்று வேனை ஆட்டித் தூங்கவிடாது. பள்ளத்துக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு திட்டு போதும்.

நல்ல இடமாகத் தெரிந்தால் வேனை விட்டு இறங்கி நடந்து பாருங்கள். கறுத்த கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்த தரை வண்டியைத் தாங்கும். குதிகால் புதைந்தால் சக்கரமும் புதையும். யாரோ கல் அடுக்கி நெருப்பு மூட்டிய பழைய வட்டம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதுத் தரையைக் கலைக்க வேண்டாம்.

கடைசியாக, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது? அமெரிக்க வேன்களில் இழுவைக் கதவு வலப்பக்கம் இருக்கும். வேனின் மூக்கு கிழக்கே இருந்தால் கதவு தெற்கே பார்க்கும். காலை வெயில் முன்கண்ணாடி வழியாக நேரே படுக்கை வரை வரும். பகல் முழுக்கக் கதவு வழியாக வெயில் உள்ளே விழும். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு முதுகு காட்டினாற்போலவும் ஆயிற்று. ஒரே வண்டி, ஒரே இடம், வெறுமனே திருப்பி நிறுத்தியதில் காலையில் ஹீட்டர் போடும் நேரம் எங்களுக்குப் பாதியாகக் குறைந்தது.

பக்கத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தால் போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பாலைவனத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அவர்களுடைய ஜன்னலுக்கு நேரே போய் நிற்பதுதான் இங்கே பெரிய மரியாதைக் குறைவு. ஜெனரேட்டர் இருந்தால் இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள். எல்.டி.வி.ஏ.யில் காலை ஆறு மணி வரை அமைதி நேரம்.

ஏழாம் படி: முதல் இரவு

புரோபேன் ஹீட்டர் எரியும்போது ஜன்னலை இரண்டு விரல் அளவாவது திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வேனில் ஹீட்டரை ஏற்றவே கூடாது. இதில் பேரம் கிடையாது. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அது உறைநிலைக்குக் கீழ் இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது, கெட்டுவிடும். வண்டிக்கு அடியில் பொருத்தியிருந்தால் இது நிஜமான பிரச்சினை. உள்ளே, நீங்கள் தூங்கும் கட்டிலுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை.

காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் காற்றோட்டம் போதவில்லை. குளிர் தாங்க முடியவில்லை என்றால் அடம் பிடிக்காமல் இன்னும் கீழே இறங்குங்கள். குவார்ட்சைட்டிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் யூமா, வெறும் 140 அடி. இப்படி ஒரு மாற்று இடத்தைக் கிளம்பும் முன்னரே குறித்து வைத்திருப்பது அவசியம்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருஷம் பொங்கலன்று லா போசாவில் இருந்தோம். மாமியார் முந்தின நாள் போனில் "ரோட்டுலயா பொங்கல் வைக்கப் போறே?" என்றார். ரோட்டில் இல்லை அத்தை, மேட்டில் என்றேன். கிழக்கே பார்த்துக் கல் கூட்டி, மேலே சின்ன கேஸ் அடுப்பு, அதன் மேல் பித்தளைப் பானை. சூரியன் எட்டிப் பார்க்கும்போது பொங்க வேண்டும் என்று திட்டம். அடுப்பு நீலமாக ஒரு முறை சிமிட்டி அணைந்தது. குப்பியில் இருந்தது பியூட்டேன். உறைநிலையை நெருங்கினாலே அது வாயுவாக மாறாமல் திரவமாகவே கிடக்கும். புரோபேனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இங்கே வரும் எந்தக் குளிரிலும் எரியும். அன்று குப்பியைக் கணவரின் ஜாக்கெட்டுக்குள் கால் மணி நேரம் வைத்திருந்தோம். பொங்கல் பொங்கும்போது சூரியன் ஓகோடீயோ என்ற முள்புதருக்கு மேலே வந்துவிட்டது. பக்கத்து வண்டித் தாத்தா சத்தம் கேட்டுக் காபிக் கோப்பையோடு வந்து நின்றார், அதில்தான் வாங்கிச் சாப்பிட்டார்.