அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது எப்படி? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கான வழிகாட்டி

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் ‘அப்ரண்டிஸ்’ என்ற பெயரில் வேலை பார்க்கும் எல்லோரும் சட்டப்படி தொழிற்பழகுநர்கள் அல்லர். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதி, அரசு நியமித்த தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் அது பதிவானால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டு.

முதல் படியாக, நீங்கள் சேரப்போகும் நிறுவனம் எந்த அரசின் பொறுப்பில் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் இங்கேதான் தவறான கதவைத் தட்டுகிறார்கள். நெய்வேலி என்.எல்.சி. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் என்பதால் மத்திய அரசின் கீழ் வரும். 2014ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் தனியார் நிறுவனங்களும் அப்படியே. கடலூர் சிப்காட்டில் மட்டும் இயங்கும் ஆலைக்குத் தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை பொறுப்பு. அதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட திறன் பயிற்சி அலுவலகம். சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ உள்ள தொழிற்சாலை என்றால் புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறையிடம் செல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடியில் குடியிருந்து, முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குச் செல்பவர் தம் ரேஷன் கார்டு எந்த ஊருக்கு உரியது என்று பார்க்க வேண்டியதில்லை. ஆலை இருக்கும் இடமே கணக்கு.

அடுத்து, அந்த நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டியதா என்று விசாரியுங்கள். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்திற்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை என்றால் விருப்பம். மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை சேர்க்க வேண்டும் என்பதால், 200 பேர் உள்ள ஆலை குறைந்தது 5 பழகுநர்களையாவது சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, மத்திய அரசின் ‘அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா’ இணையதளத்தில் ஆதார், சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு விவரங்களுடன் பதிவு செய்யுங்கள். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்குத் தனியாக ‘நாட்ஸ்’ இணையதளம் உண்டு. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஆதாரில் பின்னாலும் மதிப்பெண் சான்றிதழில் முன்னாலும் நிற்பது வழக்கம் என்பதால், இரண்டையும் ஒத்துப்பார்த்துத் தேவையானால் ஆதாரை முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது.

பிறகு ஒப்பந்தம். தொழிற்பிரிவு ஃபிட்டரா வெல்டரா, பயிற்சிக் காலம் எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு என்பவற்றைப் படித்த பின்பே கையெழுத்திடுங்கள். 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும்; அபாயகரமான தொழில்கள் சார்ந்த பிரிவுகளில் 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கவே கூடாது. ஒப்பந்த விவரங்களை நிறுவனம் 7 நாட்களுக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் சொல்வதால், ஒரு வாரம் கழித்து நீங்களே உள்நுழைந்து பாருங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி” என்று எச்.ஆர். அலுவலர் சொன்னால் அதை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள். பதிவான பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்று சட்டம் கூறுகிறது. பதிவில்லாமல் அந்தப் பெயரை மட்டும் சூட்டுவது, ஒரு தொழிலாளிக்குச் சேர வேண்டிய கூலியைக் குறைக்கும் வழியாகிவிடலாம்.

பயிற்சி தொடங்கிய பின் கவனிக்க வேண்டியவையும் உண்டு. துண்டுக்கணக்கில், அதாவது செய்து முடித்த உருப்படிகளின் எண்ணிக்கைப்படி, பணம் தருவதும், பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையைச் செய்யச் சொல்வதும் கூடாது. 2014 திருத்தம் இவற்றுக்கு ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய் அபராதம் வைத்தது. எலக்ட்ரீசியன் பழகுநரை மாதக்கணக்கில் பேக்கிங் பிரிவில் நிறுத்தினால், அது முறையிடத்தக்க செயல். பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்பந்தத்தால் எழும் தகராறுகள் ஆலோசகரிடம் செல்லும். அவருடைய முடிவில் உடன்பாடு இல்லையென்றால் 30 நாட்களுக்குள் தொழிற்பழகுநர் மன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

பயிற்சி முடிந்ததும் நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்று பொதுவான கட்டாயம் இல்லை. ஆனால் முடித்தபின் அதே நிறுவனத்தில் பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், தகுந்த வேலையை அளிக்க நிறுவனமும் கடமைப்பட்டது. கையெழுத்திடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.