லாயர் இல்லாமல் கோர்ட் படியேறுவது எப்படி?

“கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டா, போய்க் கோர்ட்டுல பாத்துக்கோன்னு சொல்றான் தம்பி.”

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் அக்கா ஒருவர் இப்படித்தான் வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த 4,200 வெள்ளி (ரிங்கிட்). வேன் வாங்க முன்பணம் குறைகிறது என்று கேட்டு வாங்கிப் போனவர் வேனை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், காசுதான் வரவில்லை. கோர்ட் என்று சொன்னாலே அக்கா ஒதுங்கிவிடுவார் என்பது அவர் போட்ட கணக்கு. தோட்டத்து ஆட்களிடம் இந்தக் கணக்கு பல நேரம் பலித்தும் விடுகிறது. அக்காவோடு நானும் அலைந்தேன். அந்த அலைச்சலில் பாதி நாங்களே தெரியாமல் இழுத்துக்கொண்டது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கோர்ட்?

மலேசியாவில் சாதாரண வழக்குகள் முதலில் போகும் கோர்ட்டுகள் இரண்டு: மாஜிஸ்திரேட், செஷன்ஸ். இரண்டுமே 1948-ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் நடப்பவை. பண வழக்கு என்றால் 1,00,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட், அதற்கு மேல் 10,00,000 வரை செஷன்ஸ். சாலை விபத்து இழப்பீட்டுக்குத் தொகை எவ்வளவானாலும் செஷன்ஸ்தான். குற்ற வழக்கில், மரண தண்டனைக்குரியவை உயர் நீதிமன்றம் போகும். பேராக்கில் அது ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இருக்கிறது. அதற்கும் மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூட்டரசு நீதிமன்றமும் புத்ராஜெயாவில். நமக்கு அந்த வேலை வராது.

சினிமாவில் பார்க்கிற ஜூரிகளைத் தேடாதீர்கள். 1995-இலேயே எடுத்துவிட்டார்கள்.

வழக்கு எண்ணைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் எழுத்து மாநிலம். கார் நம்பர் பிளேட்டில் இருக்கிற அதே எழுத்துதான்: பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி. நடுவில் வரும் சிறு கோட்டுக்கு (-) அடுத்து ஏ வந்தால் மாஜிஸ்திரேட், பி வந்தால் செஷன்ஸ். இது தெரிந்தால் எந்த அறைக்குப் போவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

படி 1: இது கோர்ட் விஷயம்தானா?

சம்பளம் வரவில்லை என்றால் கோர்ட் வேண்டாம், தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். கடையில் வாங்கிய பொருள் கெட்டது, கூரை போடக் காசு வாங்கியவர் வேலையை முடிக்கவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். அங்கே 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான்.

கைமாற்றுக் கடன் மாதிரியானவை 5,000 வெள்ளிக்கு உட்பட்டிருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே ‘துந்துத்தான் கெச்சில்’ என்கிற சிறு வழக்காகப் போடலாம். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 93-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தனி ஆள்தான் போட முடியும், கம்பெனி போட முடியாது. உங்களுக்காக லாயர் வந்து வாதாடவும் முடியாது. எனக்கு இந்த விதியில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. வட்டிக்கு விட்ட காசு என்றால் 1951-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டம் உங்கள் மேலேயே திரும்பலாம். கூட்டுப் பணத்துக்கும் (சீட்டுக்கும்) 1971-இல் தடைச் சட்டம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட காசாக இருந்தால் மனு எழுதுவதற்கு முன்னாலேயே சட்ட உதவி இலாகாவில் (பந்துவான் குவாமான்) கேட்டுவிடுங்கள். இன்னொன்று, கடன் திரும்ப வேண்டிய நாளிலிருந்து 6 ஆண்டு தாண்டினால் வழக்கு நிற்காது.

படி 2: பேரும் முகவரியும்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். காசு வாங்கியவரை ஊரே ‘வேன் மணி’ என்றுதான் கூப்பிடும். அக்காவுக்கும் அதுதான் தெரியும், நானும் ‘மணி’ என்றே எழுதினேன். ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கிற முழுப் பெயர் வேண்டும், இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் ஏ/எல், ஏ/பி உட்பட. இல்லையென்றால் நாளைக்கே ‘அது நான் இல்லை’ என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். கடைசியில் காசு அனுப்பிய பேங்க் ரசீதில் அவருடைய முழுப் பெயர் இருந்தது. வீட்டில் தேடியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

முகவரி அதைவிட மோசம். அவர் இருந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). அங்கே வீட்டுக்கு நம்பர் இருந்தாலும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். கிராணி (ஆபீஸ் எழுத்தர்) எடுத்து வைப்பார், யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்தனுப்புவார். பதிவுத் தபாலில் போன எங்கள் சம்மன் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தது. ஆளோ ஒவ்வொரு நாள் மாலையும் லயத்து வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தார்! அதனால் தோட்டத்து ஆளுக்கு எதிரான வழக்கு என்றால் தபாலை நம்பாதீர்கள், நேரில் கொடுக்கும் வழியைக் கவுண்டரில் கேளுங்கள்.

எதிராளி இருக்கிற ஊரையோ, விஷயம் நடந்த ஊரையோ பார்க்கிற கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும்.

படி 3: 198-ஆம் பாரம்

மனுவுக்கான பாரம் ‘போராங் 198’. கோர்ட் கவுண்டரில் கேட்டால் காட்டுவார்கள். மலாயில் நிரப்ப வேண்டும். கதை எழுதாதீர்கள். அக்கா முதலில் சொன்னதில் வேன் மணியின் மாமியார் வரை வந்துவிட்டார். நாங்கள் எழுதியது நான்கே வரி: எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தோம், எதற்காக, எப்போது திருப்பித் தருவதாகச் சொன்னார், இன்னும் எவ்வளவு பாக்கி.

கையெழுத்து போடத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். கூடவே ஆதாரம்: பேங்க் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு. ‘அடுத்த மாசம் தரேன்கா’ என்று அவர் எழுதிய ஒரு வரி எங்களுக்குப் பத்து சாட்சிக்குச் சமம். வாட்ஸ்அப் படத்தைத் தேதியும் நம்பரும் தெரிகிற மாதிரி எடுத்து அச்சடியுங்கள். வெறும் போனை நீட்டினால் போதாது.

படி 4: காத்திருப்பது

மனு கையில் கிடைத்த 14 நாளுக்குள் எதிராளி 199-ஆம் பாரத்தில் பதில் போட வேண்டும். ‘நீதான் எனக்குத் தரணும்’ என்று எதிர்க்கோரிக்கை வைப்பதும் அதே பாரத்தில்தான். கண்டுகொள்ளாமல் இருந்தால் அவருக்குத்தான் நஷ்டம், கோர்ட் அவர் இல்லாமலேயே தீர்ப்புக் கொடுத்துவிடலாம்.

படி 5: அந்த நாள்

கைலி, அரைக்கால் சட்டை, சிலிப்பர் வேண்டாம். காலையிலேயே போய் அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலில் பெயரைப் பாருங்கள். ‘செபுத்தான்’ என்றிருந்தால் அன்றைக்கு வழக்கை அழைத்து அடுத்த தேதி கொடுப்பார்கள். ‘பெர்பிச்சாராஆன்’ என்றால் விசாரணை, சாட்சியோடு போக வேண்டும். ‘தாங்கோ’ என்று காதில் விழுந்தால் ஒத்திவைப்பு. அது அடிக்கடி விழும்.

உள்ளே நுழையும்போது லேசாகத் தலை வணங்குங்கள், போனை அடைத்துவிடுங்கள். மாஜிஸ்திரேட்டை ‘துவான்’ என்றோ, பெண் என்றால் ‘புவான்’ என்றோ அழைத்தால் போதும். மலாய் தடுமாறுகிறதா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுண்டரிலேயே முன்கூட்டிச் சொல்லுங்கள். அரைகுறை மலாயில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சிறு வழக்கில் மாஜிஸ்திரேட் முதலில் சமாதானமாகப் போக வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். எங்களுக்கும் அதுதான் நடந்தது. ‘கோர்ட்டுல பாத்துக்கோ’ என்றவர் அந்த அறையில் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மாதம் 350 வெள்ளி, 12 மாதம் என்று ஒப்புக்கொண்டார்.

படி 6: தீர்ப்பு வந்தும் காசு வரவில்லையென்றால்

தீர்ப்புத் தாளே காசு ஆகிவிடாது. கட்டத் தவறினால் திரும்பக் கோர்ட்டுக்குப் போய், ஏன் கட்டவில்லை என்று காரணம் கேட்கும் நோட்டீசை அனுப்பச் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் பொருளைப் பறிமுதல் செய்து விற்கவும் கோர்ட்டிடம் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான். அதுவும் 10,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்றால், சட்டப் பிரச்சினை ஏதாவது இருந்தாலொழிய உயர் நீதிமன்றம் எடுக்காது.

வேன்காரர் மூன்றாம் மாதம் தவணையைத் தவறவிட்டார். அக்கா பஸ் பிடித்துத் தனியாகவே கவுண்டருக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது மறுநாள்தான்.