ஜாஸிலும் பாப் இசையிலும் டிராம்போன்: கை வேகத்தை நம்பி வீணாகும் வருடங்கள்

ஆர்கெஸ்ட்ராவில் டிராம்போன் (ஸ்லைடு எனும் நீளும் குழாயை நகர்த்தி ஸ்வரம் மாற்றும் ஊதுகருவி) பழகிவிட்டு ஜாஸ், ஃபங்க், சல்சா பக்கம் வருகிறவர்களோடு நிறைய வாசித்திருக்கிறேன். சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நான் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். நேராக உட்கார், கன்னத்தை உப்பாதே, ஸ்லைடைச் சுத்தமாக வை போன்றவற்றை எந்த ஆசிரியரும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய போர் (bore, குழாயின் உள்விட்டம்) கருவியோடு எல்லா மேடைக்கும் போவது

ஆர்கெஸ்ட்ரா டெனர் டிராம்போனில் ஸ்லைடுக் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 0.547 அங்குலம். ஜாஸ், பாப் வாசிப்பவர்கள் நெடுங்காலமாக விரும்புவது 0.500, 0.508 அளவிலான சிறிய போர். எண்ணைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் முழங்கும் மேடையில் நின்றால் தெரியும். பெரிய போரின் அகலமான ஒலி மற்ற சத்தத்தோடு கரைந்துவிடும்; சிறிய போர் குறைந்த காற்றிலேயே கூர்மையாக முன்னே வரும். கையில் இருக்கும் கருவியில் தொடங்குவதில் தப்பே இல்லை. மாற்றும்போது மட்டும் மவுத்பீஸையும் சேர்த்து யோசியுங்கள். பெரிய போருக்கான மவுத்பீஸின் தண்டு தடிமனாக இருக்கும், சிறிய போர் கருவியில் சரியாக உட்காராது.

கையை வேகப்படுத்தினால் பீபாப் வந்துவிடும் என்று நம்புவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. காரணம், இதில் வீணாவது வருடங்கள்.

1940-களில் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி கிளம்பியபோது டிராம்போன் நிஜமாகவே சிக்கலில் மாட்டியது. சாக்ஸஃபோனில் விரல் லேசாக அசைந்தால் அடுத்த ஸ்வரம் வந்துவிடும். டிராம்போனில் முழங்கை நீள வேண்டும். ஸ்லைடை நிறுத்தும் ஏழு இடங்களுக்குத்தான் பொசிஷன் என்று பெயர்; முழுக்க உள்ளே இருக்கும் முதல் பொசிஷனிலிருந்து மூன்றாவதுக்குப் போக ஸ்லைடு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர வேண்டும். இப்படிப்பட்ட கருவியில் ஜே. ஜே. ஜான்சன் பீபாப்பை அவ்வளவு சுத்தமாக வாசித்தார். அவர் வைத்திருந்தது, ஸ்லைடுக்குப் பதில் விரலால் அழுத்தும் வால்வுகள் கொண்ட வால்வ் டிராம்போன் என்றே கேட்டவர்களில் சிலர் நினைத்தார்கள். புதியவர்கள் இந்தக் கதையைக் கேட்டதும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: அவருக்குக் கை வேகம், நமக்கும் கை வேகம் வேண்டும். தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

ஒரு மாணவர் சாக்ஸஃபோன் சோலோ ஒன்றை ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். நிதானமாக வாசித்தால் அழகாக இருந்தது. வேகத்தைக் கூட்டியதும் ஒவ்வொரு ஸ்வரமும் கொஞ்சம் தாமதமாக வந்து விழுந்தது. ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கல் சத்தமும் கேட்டது. தோள்பட்டை வேறு வலிக்கிறது என்றார். "இன்னும் ஸ்பீடு வந்துட்டா சரியாயிடும் சார்" என்று உறுதியாகச் சொன்னார். ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழேயும் பொசிஷன் எண்ணை எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். தாள் முழுக்க 1, 3, 1, 3 என்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்வோம். நடு சி-க்குக் கீழே இருக்கும் பி ஃபிளாட்டில் தொடங்கி சி, டி, ஈ ஃபிளாட், எஃப் என்று ஏறுவது. முதல் வருடத்தில் கற்ற பொசிஷன்களில் வாசித்தால் 1, 3, 1, 3, 1. ஐந்து ஸ்வரத்துக்குள் கை மூன்று முறை திசை மாறுகிறது. டி-யை மட்டும் நான்காவது பொசிஷனுக்கு மாற்றுங்கள்: 1, 3, 4, 3, 1. வெளியே ஒரு போக்கு, உள்ளே ஒரு வரவு. திசை மாறுவது ஒரே முறை, கை கடக்கும் தூரமும் குறைவு. கையின் வேகத்தை ஒரு துளிகூடக் கூட்டாமலே அந்தத் துண்டு வேகமாகிவிட்டது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பி ஃபிளாட், சி, டி மூன்றும் இப்போது அடுத்தடுத்த மூன்று ஹார்மோனிக்குகளில் (ஸ்லைடை அசைக்காமல் உதட்டையும் காற்றையும் மாற்றினாலே கிடைக்கும் ஸ்வரப் படிகளில்) உட்காருகின்றன: நான்கு, ஐந்து, ஆறு. ஸ்லைடு வெளியே போகப் போக ஸ்வரம் மேலே ஏறுகிறது. ஒரு ஹார்மோனிக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஸ்வரம் தானாகவே சுத்தமாகப் பிரியும், வழுக்கல் வர வழியே இல்லை. நாக்கு வேலை செய்ய வேண்டியது டி-யிலிருந்து ஈ ஃபிளாட்டுக்கும் எஃப்-க்கும் போகும்போதுதான், அதுவும் மெதுவாகத் தொட்டால் போதும். அப்புறம் சுருதி. முதல் பொசிஷனில் வரும் டி ஐந்தாவது ஹார்மோனிக் என்பதால் பியானோவோடு ஒப்பிட்டால் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கி நிற்கும். ஸ்லைடு முழுக்க உள்ளே இருக்கும்போது அதை மேலே ஏற்ற இடமும் இல்லை. நான்காவதில் அதே டி ஆறாவது ஹார்மோனிக். இறக்கம் 14 சென்ட் இருந்த இடத்தில் இரண்டே சென்ட் ஏற்றம்தான்.

டிராம்போன் கலைஞர் ஃபிராங்க் ரொசொலினோவின் வாசிப்பை மெதுவாக ஓடவிட்டுக் கேளுங்கள். அந்தப் பாய்ச்சலில் பெரும்பகுதி ஹார்மோனிக் தாவல்தான், கை அதிகம் நகர்வதில்லை. இன்னொரு டிராம்போன் கலைஞர் கார்ல் ஃபொன்டானா நாக்கை "டூடில், டூடில்" என்று மடக்கி வாசிக்கும் முறையில் தேர்ந்தவர். கடினமான "ட" ஒலியோடு ஒவ்வொரு ஸ்வரத்தையும் தட்டுகிறவரால் அந்த வேகத்தில் அவ்வளவு மிருதுவாக வாசிக்க முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஜான்சன் எதை வாசிக்காமல் விட்டார் என்பது. அவர் சாக்ஸஃபோன் வரிகளை அப்படியே நகல் எடுக்கவில்லை. ஸ்லைடுக்குப் பொருந்துகிற வரிகளை அமைத்தார், வைப்ரேட்டோ எனும் ஸ்வர நடுக்கத்தைக் குறைத்தார், மௌனத்துக்கு இடம் விட்டார். 1957-இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு ஒலிப்பதிவு செய்த டிராம்போன் கலைஞர் கர்டிஸ் ஃபுல்லரும் கோல்ட்ரேன் அளவுக்கு ஸ்வரங்களைக் கொட்டப் பார்க்கவில்லை. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் இருக்கும் முன்வரிசையில் டிராம்போனுக்கு ஒரு தனிக் குரல் கிடைத்தது இப்படித்தான்.

வால்வ் டிராம்போன் வேண்டுமென்றால் தாராளமாக எடுங்கள். பாப் புரூக்மெயர் அதில்தான் பெயர் வாங்கினார். ஸ்லைடு என்று முடிவு செய்துவிட்டால் சோலோவைத் தொடுவதற்கு முன்பு பென்சிலை எடுத்துப் பொசிஷன்களை எழுதுங்கள். எந்த ஸ்வரத்துக்கு எத்தனை இடம் இருக்கிறது என்பது மனதில் பதியும் வரை மெட்ரோனோமை ஏற்றாதீர்கள்.

எல்லா இடத்திலும் வழுக்குவது

ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் கிளிஸ்ஸாண்டோ டிராம்போனின் சொத்துதான், ஆனால் எந்த இரண்டு ஸ்வரத்துக்கு நடுவிலும் அது வராது. இரண்டும் ஒரே ஹார்மோனிக்கில், ஏழு பொசிஷன்களுக்குள் அடங்க வேண்டும். மீறினால் நடுவில் உடையும்.

மைக் இருந்தும் கத்தி வாசிப்பது

வேண்டாம். உதடுதான் போகும். மேடையில் உங்கள் ஒலியை உங்களுக்கே கேட்கவைக்கும் மானிட்டரை ஏற்றச் சொல்லுங்கள்.

ம்யூட்டை வெறும் அலங்காரமாக நினைப்பது

டியூக் எலிங்டன் குழுவில் டிரிக்கி சாம் நான்டன் ஒரு சின்ன ம்யூட்டை (ஒலியை மாற்றும் அடைப்பானை) கருவியின் உள்ளே செருகி, வெளியே பிளஞ்சர் எனும் ரப்பர் கிண்ணத்தைத் திறந்து மூடி, மனிதக் குரல் போலவே பேசவைத்தார். அந்த ஒலியில் பாதி வேலை வாய்க்குள் நடக்கிறது. உள்ளே "யா", "வா" என்று உச்சரிக்காமல் இடது கையை மட்டும் ஆட்டினால் மூடித் திறக்கும் சத்தம்தான் வரும். ம்யூட் போட்டதும் சுருதியும் நகரும், காதைத் திறந்து வையுங்கள்.

செக்ஷனில் வாசிப்பதை இரண்டாம்தர வேலையாக நினைப்பது

பாப் இசையில் டிராம்போன் நிலைத்தது பெரும்பாலும் செக்ஷனால்தான், அதாவது சேர்ந்து வாசிக்கும் ஊதுகருவிக் கூட்டத்தால்தான். 1961-இல் நியூயார்க்கில் எடி பால்மியெரி தன் லா பெர்ஃபெக்டா குழுவைத் தொடங்கியபோது, வழக்கமாக டிரம்பெட்டுகள் நிற்கும் இடத்தில் டிராம்போன்களை நிறுத்தினார். பேரி ராஜர்ஸின் முரட்டு ஒலி அந்தக் குழுவின் அடையாளமாகிவிட்டது. அதன் பிறகு வில்லி கோலோனும் டிராம்போன்களை முன்னால் வைத்தே சல்சாவை வளர்த்தார். ஜமைக்காவின் ஸ்காவில் டான் டிரம்மண்ட், ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்கில் ஃபிரெட் வெஸ்லி, சிகாகோ என்ற பெயருள்ள ராக் குழுவில் ஜேம்ஸ் பேங்கோ என்று பட்டியல் நீளும். பேங்கோ மூன்றே ஊதுகருவிகளுக்கு எழுதி, ஒரு ராக் பேண்டில் அவற்றையும் பாட்டின் மையத்துக்குக் கொண்டுவந்தவர்.

செக்ஷனில் புதியவர்கள் தவறுவது தொடக்கத்தில் இல்லை, முடிவில். ஸ்வரத்தை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தாளில் அச்சாகியிருக்கும், எல்லோரும் சரியாக வந்துவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்பதில் ஆளுக்கொரு முடிவு எடுப்பார்கள். டிரம்பெட் அடுத்த பீட்டுக்கு முன்பே வெட்டியிருக்கும், டிராம்போன் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஃபங்கில் அந்த இடைவெளியில் ஸ்னேர் டிரம் அடி தனியாக விழ வேண்டும். நம் ஸ்வரத்தின் வால் அதன்மேல் படிந்தால் குரூவ் (தாளத்தின் ஓட்டம்) செத்துவிடும். ஒத்திகையில் லீட் டிரம்பெட்டிடம் கேளுங்கள்: நாலாவது பீட்டில் வெட்டலாமா, அதற்கு அடுத்த பாதியிலா? பதிலை ஸ்வரத்தின் மேலேயே ஒரு எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது நாக்கால் அடைப்பதா, காற்றை நிறுத்துவதா என்பதையும் அப்போதே செக்ஷனில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.