அலைக்குப் பதில் ஒரு கிழவி

2004 டிசம்பர் 26 காலை, நாகப்பட்டினம் கரையில் சுனாமி அலையில் என் தங்கை என் கையிலிருந்து நழுவிப் போனாள். நடந்ததை நடந்தபடியே எழுத உட்கார்ந்தால், தண்ணீர் கறுப்பாக எழுந்த இடத்திலேயே பேனா நின்றுவிடும், உடம்பு நடுங்கும். பல வருடம் இப்படித்தான்.

அப்புறம் ஒருநாள் அலைக்குப் பதிலாக ஒரு கிழவியை எழுதினேன், கடலுக்கடியில் குடியிருந்து, வந்து சேரும் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பின்னுகிறவள். அவளிடம் தங்கையைக் கேட்டுச் சண்டை போடும் பெண்ணை 'நான்' என்று எழுதவில்லை, அதுதான் எனக்கு உதவியது. ஆனால் பச்சைப் பாவாடையையும் கை வழுக்கிய நொடியையும் மாற்றவே இல்லை. அவற்றையும் கற்பனையாக்கியிருந்தால் கதையே பொய்யாகியிருக்கும். தினம் 15 நிமிடம் மட்டும், முடித்ததும் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

கதையிலும் தங்கை திரும்பவில்லை. ஆனால் பேசினாள். போன டிசம்பரில் கடற்கரைக்குப் போய் வந்தேன்.